தற்போது பணியில் இருப்பவரும்

ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் எழுதுவது. நான் சௌக்கியம்தான், ஜலதோஷம் மட்டும் இரண்டு வாரமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறது. உங்கள் மூட்டு வலி எப்படி? முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணன் எழுந்து நடக்கிறாரா, இல்லை கட்டிலில் இருந்தபடியே அதிகாரம் செய்கிறாரா?

வீட்டுக்கு எழுதாமல் உங்கள் கல்லூரி விலாசத்துக்கு ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் அண்ணனின் தலைமாட்டில் இருக்கிறது. வீட்டுக்குக் கடிதம் வந்தாலும் முதலில் அவர் கைக்குத்தான் போகும். இந்த விஷயம் இப்போதைக்கு அவர் காதுக்குப் போக வேண்டாம்.

போன வாரம் எங்கள் கல்லூரி முதல்வர், மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஆசிரியர்களை எல்லாம் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலி போடவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. "மே மாசத்தோட முடிச்சுக்கலாம்னு இருக்கோம்"னு சாதாரணமாகச் சொன்னார். இதுவரைக்கும் எனக்கு வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் இருந்தது. இனி மே வரைக்கும் ஆறுதான். கல்லூரி கொடுத்த இந்த அறையும் மே முப்பத்தொன்று வரைக்கும்தான். அதற்கு அப்புறம் பெட்டியை எங்கே இறக்கி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பயமாக இருக்கிறது அண்ணி. முப்பத்தொன்பது வயதில், பத்து வருஷம் பின்னம் சொல்லிக் கொடுத்த கை, கரும்பலகையில் கோட்டைக் கோணலாகப் போடுகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன்.

உங்கள் கல்லூரியில் மாதாமாதம் காலிப்பணியிடப் பட்டியல் வெளியிடுவார்களே, ஆசிரியர் வேலை, அலுவலக வேலை எல்லாம் சேர்த்து. அதைத் தட்டச்சு செய்வதே நீங்கள்தானே. எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். சிபாரிசு கேட்கவில்லை. பட்டியல் மட்டும் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரியமுள்ள,
உங்கள் நாத்தனார்


ஜனவரி 20

வாத்தியாரம்மாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணன் இப்போது வாசல்வரை நடக்கிறார். திரும்பி வந்ததும் உலகத்தைச் சுற்றி வந்தவர் மாதிரி தண்ணீர் கேட்கிறார். என் மூட்டு மாடிப்படியைக் கண்டால் மட்டும் பேசும். நீ வெந்நீர் குடி, குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நிற்காதே.

உன் கடிதம் மற்ற உறைகளோடு என் மேசைக்கு வந்தது. கைப்பழக்கத்தில் பக்கவாட்டில் வெட்டி, வரவு முத்திரையும் குத்தப் போய்விட்டேன். மேல்புறம் கிழித்தால் தபால் முத்திரைத் தேதி போய்விடும், அதனால் எல்லாவற்றையும் பக்கவாட்டில்தான் வெட்டுவேன். உறைக்குள் வந்த ஒவ்வொரு தாளுக்கும் எண் போட வேண்டும். பதினேழு வருஷமாக இதுதான் வேலை. உன் ஜலதோஷத்துக்கும் எண் போட்டுக் கோப்பில் வைத்திருப்பேன், நல்லவேளை கையெழுத்தைப் பார்த்தேன். இனி உறையில் 'சொந்தக் கடிதம்' என்று எழுது.

முதல்வர் நாற்காலி போடாததற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பட்டியல் அனுப்ப முடியும். இதோ ஜனவரிப் பட்டியல். உனக்கு ஒத்து வருவது ஒன்றும் இல்லை, ஆனாலும் படிக்கப் பழகிக்கொள். சில பணிகளுக்கு அடியில் ஒரு வரி இருக்கும்: 'தற்போது பணியில் இருப்பவரும் விண்ணப்பிக்கலாம்.' அந்த வரி இருந்தால் அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். பணிக்குப் புதுத் தகுதி வைத்திருப்பார்கள், அது அவரிடம் இருக்காது. அந்த ஒரு வரிதான் அவரையும் வரிசையில் நிற்க விடுகிறது. அதில் நீ கை வைக்காதே. வரி இல்லை என்றால் நாற்காலி காலி. தைரியமாகப் போடு. இதுவரை பன்னிரண்டு பேருக்கு அந்த வரியை நான் அடித்திருக்கிறேன். மூன்று பேர் இன்னும் இங்கே இருக்கிறார்கள்.

சிபாரிசு நீ கேட்டாலும் நடக்காது. எனக்கு முன்னால் இந்த இடத்தில் இருந்தவர் தன் மச்சானுக்காகக் கடைசித் தேதியில் ஒரே ஒரு இலக்கத்தை மாற்றி அடித்தார். அன்று மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படித்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது.

பட்டியலில் 'ழ' மட்டும் எம்பி நிற்பதைப் பார்த்துச் சிரிக்காதே. டைப்ரைட்டர் என்னைவிட மூத்தது. புது ஆள் வந்தால் புது எந்திரம், அதுவரை இதுதான் என்று எங்கள் மேலதிகாரி, பதிவாளர் அம்மா சொல்லிவிட்டார். பச்சை மையில் மட்டும் கையெழுத்துப் போடுவார், அதனால் எங்களுக்கு அவர் பெயரே பச்சை மை.

தைரியமாக இரு. மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 7

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அண்ணனும் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். ஜலதோஷம் ஒருவழியாகக் குடி பெயர்ந்துவிட்டது.

நேற்று விடுதிக் கண்காணிப்பாளர் டேப்போடு வந்து என் அறையை அளந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் காலைத் தூக்குங்க டீச்சர்"னு சொல்லி என் காலுக்கு அடியிலும் அளந்தார். அடுத்தது யாருக்கு என்று யோசித்துக்கொண்டே அடுத்த விடைத்தாளை எடுத்தேன்.

பிப்ரவரிப் பட்டியல் வந்திருக்குமே. உங்கள் உறையை எதிர்பார்த்துத் தினமும் தபால் பெட்டி வரைக்கும் போய் வருகிறேன். நடைப்பயிற்சி என்று சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள்,
கணக்கு டீச்சர்


பிப்ரவரி 24

அன்புள்ள நாத்தனாருக்கு,

எல்லோரும் நலம். பதில் தாமதம். வேலை கொஞ்சம் அதிகம், எனக்கும் இரண்டு நாள் உடம்பு சரியில்லை. பெரிதாக ஒன்றும் இல்லை.

இந்த மாதப் பட்டியலில் உனக்குத் தகுந்தது இல்லை. அதனால் அனுப்பவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் ஒருவர் தபால் வழியில் பட்டம் படித்தால் எத்தனை வருஷம் ஆகும்? குறுக்கு வழி ஏதாவது உண்டா? இங்கே கூட வேலை செய்கிற ஒரு அம்மா கேட்டாள். அவசரம் இல்லை.

உன் அண்ணன் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். தெருமுனை வரை நடக்கிறார். மருந்து மட்டும் இன்னும் ஒரு வருஷம் நிறுத்தக் கூடாதாம்.

அண்ணி


மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? உடம்பு சரியில்லை என்று எழுதிவிட்டு என்ன உடம்பு என்று எழுதவில்லை. இது என்ன பழக்கம்? அந்த அம்மாவிடம் மூன்று வருஷம் என்று சொல்லுங்கள். குறுக்கு வழி இல்லை. நான் வேண்டுமானால் கணக்குப் பாடத்தை இலவசமாகச் சொல்லித் தருகிறேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம். எங்கள் நூலக அறிவிப்புப் பலகையில் உங்கள் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். தூரத்திலிருந்தே 'ழ' எம்பி என்னைக் கூப்பிட்டது. எனக்குத் தகுந்தது இல்லையாம். அண்ணி, கண்ணாடியை மாற்றுங்கள்.

ஏழாம் எண் கணித ஆசிரியர். அதன் அடியில் அந்த வரி இருந்தது. யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் சொன்னபடி கை வைக்கவில்லை, கை துறுதுறுத்தாலும். ஆனால் பதினான்காம் எண்ணைப் பாருங்கள். 'பணியமர்த்தல் உதவியாளர். தட்டச்சு, பதிவு, கடிதப் போக்குவரத்து. பட்டம் அவசியம். நிரந்தரம்.' அடியில் வரி இல்லை. இரண்டு முறை விரலை வைத்துப் பார்த்தேன். காலி நாற்காலி.

கரும்பலகையை விட்டு மேசைக்குப் போவதில் எனக்கு வருத்தம் இல்லை. நிரந்தரம் என்கிற சொல்லைப் பார்த்ததும் நூலகத்தில் நின்றபடியே கண் கலங்கிவிட்டது. பட்டம் இருக்கிறது, தட்டச்சுச் சான்றிதழும் இருக்கிறது. நேற்றே விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். உங்களுக்குத் தர்மசங்கடம் வேண்டாம் என்றுதான் முன்கூட்டிச் சொல்லவில்லை. நீங்களே பக்கவாட்டில் வெட்டி எண் போடுவீர்கள்.

கிடைத்தால் இரண்டு பேரும் ஒரே அலுவலகத்தில் இருப்போம். காலையில் ஒரே பேருந்து. ஜனவரிக்கு அப்புறம் இன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அன்பு மறவாத,
நாத்தனார்


மார்ச் 9
(தபாலில் சேர்க்காதது)

அடியே,

நலமா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. உன் விண்ணப்பம் இன்று காலை வந்தது. எண் முப்பத்தொன்று போட்டேன். எட்டுத் தாள். எட்டுக்கும் எண் போட்டேன். கை எப்படி ஓடியது என்று தெரியவில்லை.

பதினான்காம் எண் என் நாற்காலிதான்.

பிப்ரவரி மூன்றாம் தேதி பச்சை மை வரைவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வழக்கம்போல ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். பதின்மூன்று வரைக்கும் மற்றவர்கள் வயிறு. பதினான்கில் தட்டச்சர் என்பதைப் 'பணியமர்த்தல் உதவியாளர்' என்று மாற்றியிருந்தார்கள். பட்டம் அவசியமாம். இந்த அறையில் தட்டச்சர் என்று இருப்பது நான் ஒருத்திதான். என்னிடம் இருப்பது பள்ளிக்கூடச் சான்றிதழும் பத்து விரலும். வரைவில் அந்த வரி இருந்தது. 'தற்போது பணியில் இருப்பவரும் விண்ணப்பிக்கலாம்.' பென்சிலில் அடிக்கோடு வேறு போட்டிருந்தார், பாவம், எனக்காகத்தான்.

அதை மட்டும் அடிக்க எனக்கு விரல் வரவில்லை. இந்தப் பட்டியல் எல்லாப் பலகையிலும் ஒட்டப்படும். அந்த வரியைப் பார்த்தால் மாடிப்படி பெருக்குகிறவள்கூட 'யாருக்கு ஆப்பு' என்று தேடுவாள். தேடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானே தேடியிருக்கிறேன். கடைசியில் அடித்துக்கொள்ளலாம் என்று இடம் விட்டு மேலே போனேன். பிரதி எடுக்க ஸ்டென்சிலைக் கேட்டு ஆள் வந்தார். கொடுத்துவிட்டேன். மறந்தேன் என்று சொன்னால் அது பொய்.

வரி இல்லாததால் பட்டம் இல்லாத நான் இதற்கு விண்ணப்பம் போட முடியாது. வெளியான அறிவிப்பே கடைசிச் சொல். போய்ச் சொன்னால் அறிவிப்பில் கை வைத்தவள் என்று மத்தியானமே வீட்டுக்கு அனுப்புவார்கள். சொல்லாவிட்டால் ஜூன் ஒன்றாம் தேதி அனுப்புவார்கள். உன் அண்ணன் மருந்தும் வாடகையும் இந்த ஒரு சம்பளத்தில்தான் நடக்கிறது. வீட்டில் வாய் திறக்கவில்லை. அவர் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்து பெருமையாக என் முகத்தைப் பார்க்கிறார். நான் மருந்தை எடுக்க உள்ளே போய்விடுகிறேன்.

முப்பத்தொரு பேரில் நீதான் முதல். நான்தான் எல்லாவற்றையும் படித்தேனே. உனக்கு வேலை கிடைக்கட்டும் என்று நினைக்க ஆரம்பிக்கிறேன், பாதியில் நின்றுவிடுகிறது. இதை உனக்கு அனுப்பினால் நீ பின்வாங்கிவிடுவாய். மே முப்பத்தொன்று அன்று உன் பெட்டியை எங்கே இறக்குவாய்?

இழுப்பறையில் வைக்கிறேன்.


மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நலமறிய ஆவல். இதைச் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, நிஜமாகவே ஆவல்.

உங்களிடமிருந்து 'வரப்பெற்றது, எண் 31' என்று அச்சடித்த அட்டை மட்டும் வந்தது. அடியில் ஒரு வரி இல்லை. மூன்று வாரமாக ஒரு கடிதமும் இல்லை. விண்ணப்பம் போட்டது உங்களுக்குப் பிடிக்கவில்லையா? சொந்தக்காரி கூடவே வந்து உட்கார்ந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று தோன்றுகிறதா? அப்படி என்றால் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

நேர்முகத் தேர்வு மே மாதம் என்று அட்டையில் இருக்கிறது. அந்தப் பணியில் தினமும் என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதுங்கள். கேட்டால் தடுமாறக் கூடாது. தட்டச்சு, பதிவு, கடிதம் என்றால் உங்கள் வேலை மாதிரியேதான் இருக்கிறது. உங்களுக்கு ஒத்தாசைக்கு இன்னொரு ஆளைப் போடுகிறார்களா? இதற்கு முன் அந்த இடத்தில் யார் இருந்தார்கள்?

அண்ணன் முதுகைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
நாத்தனார்


ஏப்ரல் 8

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே குறை ஒன்றும் இல்லை. உன் அண்ணன் கைத்தடியைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டார். உன் மேல் எனக்கு என்ன கோபம்? பைத்தியம் மாதிரி பேசாதே. வேலை இருந்தது, எழுத முடியவில்லை.

கேட்டாயே, எழுதுகிறேன். காலை ஒன்பதேகாலுக்குத் தபால் பை வரும். உறைகளைப் பெரிது சிறிதாகப் பிரித்து, பக்கவாட்டில் வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார், சான்றிதழ் நகல் ஒன்று எப்போதும் உள்ளே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை விட்டுவிட்டால் யாரோ ஒருவரின் வாழ்க்கை குப்பைக் கூடைக்குப் போய்விடும். முத்திரை வலது மேல் மூலையில். இங்க் பேட் வெள்ளிக்கிழமை காய்ந்துவிடும், நாலு சொட்டுத் தண்ணீர் போதும்.

பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்து. யாராவது மாடியிலிருந்து இறங்கி வந்து 'நம்ம பையன் ஒருத்தன் போட்டிருக்கான், கொஞ்சம் மேல வைங்க' என்பார்கள். சிரித்துவிட்டு எண் வரிசையில்தான் வை. கிடைக்காதவர்களுக்கு வருத்தக் கடிதம் அனுப்புவதும் இந்த வேலைதான். பலர் அதை ஒரே மாதிரி அடித்துத் தள்ளுவார்கள். பெயரையாவது பிழையில்லாமல் அடி. வேலையும் இல்லை, பெயரும் தப்பு என்றால் மனுஷர் என்ன ஆவார்.

மேசையின் இடது இழுப்பறை பாதியில் சிக்கும். முழங்காலால் அடியில் ஒரு தட்டுத் தட்டி இழுக்க வேண்டும். ஜன்னலோர நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அட்டையை நாலாக மடித்து அடியில் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் அட்டை ஊறிவிடும், மாற்ற வேண்டும்.

பச்சை மை கேள்வி கேட்டால் கண்ணைப் பார்த்துப் பதில் சொல். கெட்டவர் இல்லை.

நன்றாகப் படித்துத் தயார் செய். உனக்குக் கிடைக்கும்.

அண்ணி


ஏப்ரல் 15

பெறுநர்: பதிவாளர், சமுதாயக் கல்லூரி
பொருள்: பணி எண் 14, விண்ணப்ப எண் 31

மதிப்பிற்குரிய அம்மா,

மேற்கண்ட பணிக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். அந்தப் பணியில் தற்போது ஒருவர் இருக்கிறார் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் உள்ளது. எனினும் தங்கள் அறிவிப்பில் 'தற்போது பணியில் இருப்பவரும் விண்ணப்பிக்கலாம்' என்ற வரி காணப்படவில்லை. அந்த வரி அச்சில் விடுபட்டதா என்பதை மூல வரைவுடன் ஒப்பிட்டுத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன். கடைசித் தேதி ஏப்ரல் 30 என்பதால் இதை அவசரமாகக் கருத வேண்டும்.

என் விண்ணப்பத்தை இத்துடன் திரும்பப் பெறுகிறேன்.

இந்தத் தாளுக்கும் எண் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
விண்ணப்பதாரர் 31


ஏப்ரல் 26

என் நாத்தனாருக்கு,

உடம்பு நலம். மற்றது எதுவும் நலம் இல்லை, ஆனால் மூச்சு விட முடிகிறது.

உன்னை யாரடி வாபஸ் வாங்கச் சொன்னது? இருபத்திரண்டாம் தேதி உன் உறையை வெட்டினேன். எப்படித் தெரிந்தது இவளுக்கு என்று என் கடிதத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். 'வைத்திருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறேன், அந்த நாற்காலி அட்டையை. 'வைத்திருக்கிறார்கள்' என்று எழுதியிருக்க வேண்டும். பதினேழு வருஷம் பிழை பார்த்தவள், வினைச்சொல்லின் வாலில் மாட்டிக்கொண்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன். அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். யாருக்கும் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து இருபது. மறுபடி பார்த்தேன், பத்து ஐம்பது. அறையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. கடைசியில் உன் கடைசி வரிதான் என்னைப் பிடித்து உலுக்கியது. வரவு முத்திரை குத்தி, எண் நாற்பத்தேழு போட்டுப் பச்சை மையிடம் எடுத்துப் போனேன்.

அவர் வரைவையும் அறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்த வரி எங்கம்மா போச்சு?"

"அடிக்கல மேடம்."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல மேடம். பயந்துட்டேன்."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நீங்க மனுப் போடலன்னதும், வேற எங்கயோ வேலை பார்த்துக்கிட்டீங்கன்னு நெனச்சேன். எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அந்த ஒத்தை இலக்கத்தை மாத்தினவரை மத்தியானமே அனுப்பினீங்களே மேடம்."

"அவர் மச்சானுக்காகச் செஞ்சார். நீங்க உங்களுக்கே குழி வெட்டியிருக்கீங்க. கைப்பிழைன்னு எழுதிக் குடுங்க."

"கைப்பிழை இல்ல மேடம்."

"எழுதுங்கன்னா எழுதுங்க. நான் நம்புறதா வேணாமாங்கறது என் பாடு."

எழுதிக் கொடுத்தேன். ஒரு எச்சரிக்கை மெமோ என் கோப்பில் ஏறிவிட்டது. திருத்த அறிவிப்பை நானே அடித்தேன், அந்த வரியோடு. இப்போது எல்லாப் பலகையிலும் இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும். மாடிப்படி பெருக்குகிறவள் என்னைப் பார்த்ததும் வழி விட்டு ஒதுங்கி நிற்கிறாள். அதுதான் ரொம்ப வலிக்கிறது.

நானும் மனுப் போட்டுவிட்டேன். மே பன்னிரண்டு நேர்முகம். பட்டம் வாங்கின அத்தனை பேரோடும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். முடிவு வரும்வரை இந்தப் பணியின் கோப்பை நான் தொடக் கூடாதாம், நூலகத்திலிருந்து ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். என் மேசைக்கு எதிரில் அவள் உட்கார்ந்து உறையை மேல்புறம் கிழிக்கிறாள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன்.

கிடைக்காது என்றே நினைக்கிறேன். பன்னிரண்டில் மூன்று. கணக்கு டீச்சர் நீயே பார்த்துக்கொள்.

மார்ச் ஒன்பதாம் தேதி எழுதி அனுப்பாத கடிதம் ஒன்றையும் இதோடு வைக்கிறேன். படித்துவிட்டுக் கோபம் வந்தால் வரட்டும். ஆனால் ஒன்று. முடிவு எதுவானாலும் உன் பெட்டி இறங்க வேண்டிய இடம் எங்கள் பின் அறை. அதற்கு முன் உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அதற்கு இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணி


மே 21

அனுப்புநர்: பதிவாளர் அலுவலகம், சமுதாயக் கல்லூரி
பெறுநர்: விண்ணப்பதாரர் எண் 31

கீழ்க்காணும் பணிக்கு விண்ணப்பித்தவர்கள் மற்றும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றவர்கள் அனைவருக்கும் தெரிவிப்பது யாதெனில்:

பணி எண் 14, பணியமர்த்தல் உதவியாளர். இப்பணிக்குத் தேர்வு நிறைவுற்றது. தங்களைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. தங்கள் எதிர்காலம் வளமாக அமைய வாழ்த்துகள்.

பதிவாளர்


மே 25

என் அண்ணிக்கு,

என்னை நிராகரித்துவிட்டார்கள்.

உறையை நாள் முழுக்கப் பிரிக்காமல் பையில் வைத்திருந்தேன். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது மட்டும்தான் கண்ணில் நின்றது. அப்புறம் பக்கவாட்டில் வெட்டினேன், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், உள்ளே வேறு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. முதல் சொல்லே 'கீழ்க்காணும்'. 'ழ' எம்பி நின்றது. கடைசியில் 'வாழ்த்துகள்', அதிலும் எம்பி நின்றது. தேதியை மூன்று முறை பார்த்தேன். முடிவுக்குப் பிந்திய தேதி, கோப்பு மறுபடி உங்கள் கைக்கு வந்திருக்கிறது. புது ஆள் வந்திருந்தால் புது எந்திரம் வந்திருக்கும்; நாற்காலி உங்களுக்கேதான். பதிவாளர் கையெழுத்து பச்சையாக இருந்தது. வருத்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுததைப் பார்த்துவிட்டுக் கண்காணிப்பாளர், "விடுங்க டீச்சர், வேற வேலை கிடைக்கும்"னு சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது.

மார்ச் ஒன்பதுக் கடிதத்தைப் படித்தேன். எனக்குக் கோபம் இல்லை. நானும் உங்களிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்று ஜனவரியில் எழுதினேனே, அந்த ஆறும் மார்ச் முதல் இல்லை. பாடம் இல்லாமல் கல்லூரிக்குப் போய் நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன். அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கள் பட்டியலைப் பார்த்தேன். சொன்னால் என் விண்ணப்பத்துக்கு எண் போடும்போது உங்களுக்கு மனசு கேட்காது என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலைப் பேருந்தில் வருகிறேன். பெட்டி இரண்டு, புத்தக மூட்டை ஒன்று. அண்ணனிடம் நாம் இரண்டு பேரும் சேர்ந்தே சொல்வோம். கத்துவார், கத்தட்டும், முதுகு சரியாகிவிட்டதே. ஜூன் பட்டியலை அடிக்கும்போது ஒரு பிரதி எனக்கு எடுத்து வையுங்கள். எந்தப் பணிக்கு அடியில் அந்த வரி இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவேன்.

எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும், அந்த மெமோ கோப்பை விட்டுப் போகாது. இத்தனை மாதம் தனித்தனி ஊரில் இருந்து பயந்தோம். இனி ஒரே வீட்டில் இருந்து பயப்படுவோம்.

நேரில் நலம் விசாரிக்க வருகிற,
உங்கள் நாத்தனார்